விடிந்துபோன துறைமுகம்

எங்கள் ஊரில் கடலைப் பார்த்த ஒரே ஆள் என் அப்பாதான். அதுவும் முக்கால் மணி நேரம். ஏதோ ஒரு கட்டுக் காகிதத்தைச் சென்னையில் கொடுத்துவிட்டு வரும்படி ரேஞ்சர் அவரை அனுப்பியிருந்தார். திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்ததால், வழி கேட்டுக் கேட்டுக் கடற்கரைக்கு நடந்துபோய், நின்று பார்த்துவிட்டு, காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த முக்கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டே அவர் தன் உத்தியோகம் முழுவதையும் ஓட்டினார் என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் ரொம்பப் பெரிய மிகை இல்லை.

ஜவ்வாது மலையில் நெல்லிவாசலைத் தாண்டி, ஜீப் போகிற மண்சாலை முடியும் இடத்தில், காட்டிலாகாவின் பங்களா ஒன்று இருந்தது. அப்பா அதற்கு வாட்ச்மேன். விருந்தாளிகள் வந்தால் சமையற்காரர். மற்ற நாட்களில் பங்களாவின் பதினோரு சன்னல்களையும் காலையில் திறந்து மாலையில் மூடுகிறவர். பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியுமாக எங்களுக்கு ஓட்டுவீடு கொடுத்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு. தன் பங்கு நிலத்தை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தவர் அப்பா. அதனால் வேலை போனால் எங்களுக்கு நிற்க இடம் கிடையாது. அம்மா இதை வாரத்துக்கு ஒரு முறையாவது அவருக்கு நினைவுபடுத்துவாள்.

பங்களாக் கூடத்தில், கணப்புக்கு மேலே, ஓர் ஓவியம் மாட்டியிருந்தது. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொண்டுவந்து மாட்டியது. ஊருக்குத் திரும்பும்போது அவர் மறந்துவிட்டாரா, தூக்கிப்போக முடியாமல் விட்டாரா என்று தெரியாது. சட்டத்தின் கீழே பித்தளைத் தகடு ஒன்றில் இங்கிலீஷ் எழுத்துகளும், ஆயிரத்து எண்ணூறை ஒட்டிய ஒரு வருடமும் இருந்தன. அதாவது அந்தப் படத்தை வரைந்தபோது பங்களா கிடையாது, மண்சாலை கிடையாது, காட்டிலாகாவே கிடையாது.

படத்தில் ஒரு துறைமுகம். மூன்று பெரிய கப்பல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று உயர்ந்த கம்பங்கள், கம்பங்களில் பாதி சுருட்டியும் பாதி தொங்கியுமாகப் பாய்கள். சுற்றிலும் சின்னப் படகுகள். கரையில் ஒரு கோபுரமும் சில வீடுகளும். எல்லாமே வெல்லப்பாகு நிறத்தில் இருந்தன. வானம் வெல்லப்பாகு, தண்ணீர் கொஞ்சம் முற்றிய வெல்லப்பாகு, கப்பல்கள் அடிப்பிடித்த வெல்லப்பாகு. தேனோ கோழியோ கொண்டுவந்து கொடுக்கிற ஊர்க்காரர்கள் வாசலில் நின்றபடி எட்டிப்பார்த்து ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். காட்டுத்தீ பிடித்து முடிந்த காடு என்று பலரும் சொன்னார்கள். அந்தக் கம்பங்கள் எரிந்த மரங்கள் இல்லாமல் வேறென்ன? அம்மா முதல்முறை பார்த்தபோது, "துணி துவைச்சிக் காயப்போட்டுக் கீறாங்க" என்றாளாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடலைப் பார்த்தவர் அல்லவா, அவருக்குச் சிரிக்க உரிமை இருந்தது.

விருந்தாளிகள் வந்தால் அப்பா படத்துக்கு வலது பக்கம் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, எப்போதோ ஒரு ரேஞ்சர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பார். "துறைமுகம்ங்க ஐயா. சாயங்கால நேரம். சூரியன் எறங்குது. கப்பலுங்க எல்லாம் வூடு திரும்புதுங்க." கடைசி வாக்கியம் மட்டும் அப்பாவே சேர்த்துக்கொண்டது. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழும். சில பெண்மணிகள் அந்த இடத்தில் 'அடடா' என்பார்கள்.

எனக்கு ஒன்பது வயது நடந்த மாசி மாதத்தில் சின்னம்மா எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. எழுபதுகளின் கடைசி அது. புளி அடித்து, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிற காலம். அந்த வேலைக்கு ஒத்தாசையாக என்று வந்திருந்தாள். புளி முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு மலை தாண்டிய ஊர். முதல் மனைவி இறந்துபோய், இரண்டு பிள்ளைகள் இருந்தன. அவர் ஒரு முறை வந்தபோது எனக்குத் தேனடை கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். சின்னம்மா அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வெட்கம் என்று அம்மா சொன்னாள், நானும் நம்பினேன்.

சின்னம்மாவுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு கண். கூடத்தைப் பெருக்கப் போனால் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுவிடுவாள். ஒரு நாள் அப்பாவைக் கேட்டாள்.

"மாமா, இந்தக் கப்பலுங்க போவுதா, வருதா?"

"வருது."

"எப்டிச் சொல்றீங்க?"

"சாயங்காலம் இல்லியா? சாயங்காலத்துல எவனாவது வூட்ட வுட்டுக் கெளம்புவானா?"

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் என்னிடமும் கேட்டாள். நான் அப்பா சொன்னதையே சொன்னேன். வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வருகிற பாயிடமும் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நமக்கு இன்னாம்மா தெரியும் கப்பலப் பத்தி? எங்க பக்கம் தோல் ஷெட்டுதான் கீது. பொம்பளைங்கள்லாம் வேலைக்கு வர்றாங்க, ஷூவுக்குத் தோல் ஒட்டுறாங்க" என்றார். கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று. ஆனால் சின்னம்மா அந்தப் பதிலைப் பற்றி மேலும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டாள்.

அந்த வாரம் தபால் வந்தது. வெள்ளிக்கிழமை ரேஞ்சர் வருகிறார். கூடவே ஜில்லாவுக்கே பெரிய ஐயாவும் அவர் மனைவியும். பெரிய ஐயாவின் மனைவிக்குப் படங்களில் பிரியம், சூரிய அஸ்தமனப் படத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ரேஞ்சர் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். அப்பா அந்த வரியைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு திங்கட்கிழமை, அரிசியும் கோழியும் பிஸ்கட்டும் வாங்கச் செங்கத்துக்குக் கிளம்பினார். போகும்போது அம்மாவிடம், "கூடத்த பளபளன்னு வெச்சிரு" என்றார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று அம்மா சாகும்வரை வாதாடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை. அம்மா விளக்குக் கண்ணாடிகளைத் துடைக்க, சின்னம்மா முக்காலி மேல் ஏறி, படச் சட்டத்தின் பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தகடு பொன்னாக மின்னியது. ஈரத்துணியின் நுனி தகட்டைத் தாண்டிப் படத்தில் பட்டுவிட்டது. அவள் பயந்துபோய் அந்த இடத்தை விரலால் ஒற்றி எடுத்தாள். விரலடியில் பச்சையும் நீலமுமாக ஒரு துளிக் கடல் தெரிந்தது.

"அக்கா, இதுக்குள்ள வேற படம் கீது."

"கையெடுடி மொதல்ல!" என்று கத்திக்கொண்டு அம்மா ஓடிவந்தாள். வந்து பார்த்தாள். படத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தாள். கரி. இத்தனை வருடக் கணப்புப் புகை. அழுக்கு என்று தெரிந்த பிறகு அதை விட்டுவைக்கிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. கொஞ்ச நேரம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நின்றவள், பிறகு அவளே படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கினாள்.

வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை எடுத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டுத் தொட்டு, பிள்ளைக்கு முகம் துடைப்பது மாதிரி மூன்று பேரும் துடைத்தோம். பாத்திரம் பாத்திரமாகக் காப்பித்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஓடியது. உச்சிவேளைக்குள் வானம் முழுக்க நீலமாகிவிட்டது. பாய்கள் வெள்ளை. ஒரு கப்பலின் பின்னால் சிவப்புக் கொடி இருந்தது, அது இருந்ததே யாருக்கும் தெரியாது. இடது மூலையில், கீழே, இருட்டுக் குவியலாகத் தெரிந்த இடத்தில் ஒரு சின்னப் படகு வெளியே வந்தது. துடுப்புப் போடுகிறவன் ஒருவன். அவனுக்கு எதிரே ஒரு பெண், மடியில் மூட்டையுடன், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து நின்று முழுப் படத்தையும் பார்த்தேன். எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. அதுவரை நான் சொந்தமாக எதையும் கண்டுபிடித்ததில்லை என்பதால் சத்தமாகவே சொன்னேன்.

"சின்னம்மா, இது சாயங்காலம் இல்ல, காலைல. அப்போ கப்பலுங்க போவுது!"

சின்னம்மா துணியைப் பிழிவதை நிறுத்தினாள். "திரும்பிச் சொல்லு பாப்பா" என்றாள். நான் திரும்பிச் சொன்னேன். அவளை நான் அசத்திவிட்டதாக நினைத்து மூன்றாவது முறையும் சொன்னேன்.

அப்பா மாலையில் வந்தார். தலையில் அரிசி மூட்டை, கையில் காலைப் பிடித்துத் தொங்கவிட்ட இரண்டு கோழிகள். அம்மா அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூடத்துக்கு அழைத்துப்போனாள். பாராட்டை எதிர்பார்த்து நாங்கள் மூவரும் வரிசையாக நின்றோம். அப்பா படத்தைப் பார்த்தார். கோழிகளைக் கீழே விட்டார்.

"இன்னாடி இது?"

"கழுவினோம்."

"விடிஞ்சிபோச்சேடி!" என்றார் அப்பா. அரிசி மூட்டையை இறக்காமலே அப்படியே சுவரில் சாய்ந்தார்.

அவர் பயம் சும்மா இல்லை. அவருக்கு முன்னால் வாட்ச்மேனாக இருந்தவர் ஒரு மான்கொம்பு காணாமல் போனதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர். இங்கே காணாமல் போயிருப்பதோ ஒரு முழுச் சாயங்காலம். அதைப் பார்ப்பதற்கென்றே பெரிய ஐயாவின் மனைவி மலையேறி வருகிறார். சர்க்கார் சாமானைக் கைவைத்து மாற்றிவிட்டான் என்று ரேஞ்சர் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

"யாரு மொதல்ல கை வெச்சது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா, "நான்தான் மாமா" என்றாள்.

அப்பா அவளை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. அன்று பேசினார். "புளி முடியிற வரைக்கும் இன்னாத்துக்கு? வெள்ளிக்கெழம ஐயாங்க வந்துட்டுப் போவட்டும். ஞாயித்துக்கெழம மாப்பிள்ள வூட்ட வரச் சொல்றேன். வந்து கூட்டிட்டுப் போவட்டும். எனக்கே இங்க சோறு நிக்குமான்னு தெரியல." சின்னம்மா ஓடிப்போன கோழிகளைப் பிடித்துவரப் போனாள்.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்தபோது அவள் கண் அடுப்படிக் கூரைக்குப் போனது. எங்கள் பக்கத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் இருக்கும். விதைச் சோளக் கதிரும் புதுக் கூடையும் முறமும் அதில்தான் வைப்பார்கள். பூச்சி அரிக்காது. வெள்ளை வெளேர் என்று ஏறிய முறம் ஒரு மழைக்காலத்தில் கருஞ்சிவப்பாகி இறங்கும். "பொகையில வந்த அழுக்கு, பொகையிலதான் திரும்பி வரணும்" என்றாள் அம்மா. அப்பா போய்ப் படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

சட்டத்தோடு அது அடுப்படிக் கதவில் நுழையவில்லை. சாய்த்து, திருப்பி, கூரை ஓடு ஒன்றைக் கழற்றி, எப்படியோ உள்ளே கொண்டுபோய், சோளக் கதிர்களுக்கு நடுவே முகம் குப்புறக் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று கப்பல்களும் தலைகீழாக அடுப்பைப் பார்த்தன. புதன்கிழமை விடிந்ததும் புகை போடத் தொடங்கினோம். தீ எரியக் கூடாது, புகைய மட்டும் வேண்டும். அதனால் பச்சை இலையும் ஈரச் சருகும் கொண்டுவருவது என் வேலை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுவதும் அமர்த்துவதும் சின்னம்மாவுக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்டது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. புகைக்கு யாருக்கும் கொட்டத்தான் செய்யும்.

அப்பா ஒரு நாழிகைக்கு ஒரு தரம் வந்து, தரையில் மல்லாந்து படுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்ப்பார். மணி சொல்வார்.

"இன்னும் பத்து மணிதான் ஆவுது."

மதியம் வந்து, "பன்னெண்டு" என்றார். சாயங்காலம் வந்து, "ரெண்டு, ரெண்டே கால்" என்றார். அவர் கையில் கடிகாரம் கிடையாது. ஆனால் அந்தப் படத்தின் சாயங்காலத்தை வருடக்கணக்காகப் பார்த்தவர். கால் மணி வித்தியாசம்கூட அவருக்குத் தெரிந்தது. உண்மையான பொழுது சாய்ந்து, படத்தில் மட்டும் ரெண்டே கால் மணியோடு அன்று படுத்தோம்.

வியாழக்கிழமை நான் மேலே பார்த்தபோது படத்தின் ஓரத்தில் ஓர் இலை ஒட்டியிருந்தது. மந்தாரை இலைத் துண்டு, முந்தின நாளே ஒட்டியது போலப் புகையில் வதங்கியிருந்தது. சாமைக் கஞ்சி தடவிச் சின்னம்மாதான் ஒட்டியிருக்கிறாள் என்பது அடுப்போரத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

"அது இன்னா சின்னம்மா?"

"அங்க துணி கிழிஞ்சி கீது பாப்பா. பொக உள்ள போய்டும்."

நியாயமாகத்தான் பட்டது. நான் இன்னொரு கை பச்சை இலை போட்டேன். புகை எழும்பி மூன்று கப்பலையும் மூடியது. அந்த இரண்டு நாளில் அவள் என்னை மறுபடியும் கேட்டாள், போகுதா வருதா என்று. மூன்று மணி ஆனபோது நான் 'போவுது' என்றேன். நான்கு மணிக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாகிவிட்டது என்று அப்பா அறிவித்தபோது, வேறு வழியில்லாமல், 'வருது' என்றேன். சின்னம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

வியாழன் மாலை அப்பா நீண்ட நேரம் படுத்தபடி பார்த்துவிட்டு, "அஞ்சரை. போதும். இதுக்கு மேல போட்டா ராத்திரி ஆயிடும்" என்றார். சின்னம்மா, தானே சட்டத்தைத் துடைத்துக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, இலையை எடுத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா அதை மாட்டி, எட்ட நின்று பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். மறுபடியும் எட்ட வந்தார். வெளியே போய்க் கோழிக்கூட்டைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஜீப் வந்தது. ரேஞ்சர், பெரிய ஐயா, அவர் மனைவி. தேநீர் குடித்த கையோடு எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார், ஆனால் இடது பக்கம். பயத்தில் பக்கத்தை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சட்டத்தை ஒட்டி, தோள் படத்தின் மூலையில் இடிக்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"துறைமுகம்ங்க அம்மா. சாயங்கால நேரம்."

ரேஞ்சர் முகத்தை முன்னால் நீட்டிப் பார்த்தார். "என்னப்பா, போன தடவைக்கு இப்போ கொஞ்சம் தெளிவா இருக்கே?"

"தொடச்சி வெச்சேனுங்க ஐயா."

"ம்." ரேஞ்சர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தின் பின்வாசலில் அம்மா கையில் பூரிக்கட்டையோடு அசையாமல் நின்றாள்.

அந்த அம்மாள்தான் எங்களைக் காப்பாற்றினார். படத்துக்கு நேராக வந்து நின்று, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, "எவ்வளவு அமைதியா இருக்கு!" என்றார். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "ஆனா இங்க நின்னா சுட்ட சோள வாசனை வருதே, ஏன்? எனக்குப் பசிக்கவே ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

"கணப்புங்க அம்மா" என்றார் அப்பா. பெரிய ஐயா சிரித்தார். அவர் சிரித்ததால் ரேஞ்சரும் சிரித்தார். அன்றிரவு எங்கள் வீட்டுச் சோளக் கதிர்களைச் சுட்டுத் தரச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார்கள். விதைக்கு வைத்த கதிர்கள். அம்மாவே சுட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஜீப் கிளம்பிப்போயிற்று. சின்னம்மா விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை ஓடையில் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். மத்தியானம் ஓடைக்கரைப் பாறைகளில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவள் இல்லை. அவளுடைய இரண்டு புடவைகளும் இல்லை. அப்பா கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பாதிதூரம் போய்விட்டு, பொழுது சாயத் திரும்பி வந்தார். எவனோடோ போய்விட்டாள் என்று ஊர் பேசியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அப்பா கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டார். மாப்பிள்ளை மட்டும் சத்தம் போடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இந்த முறையும் எனக்குத் தேனடை கொண்டுவந்திருந்தார். தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் தின்றேன்.

அவள் எவனோடும் போகவில்லை. மறு வருடம் புளிக்கு வந்த வாணியம்பாடி பாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். நேராக அவர் வீட்டுக்குத்தான் வந்து நின்றாளாம். தோல் ஷெட்டில் ஒட்டுகிற வேலை. அவர் வீட்டுப் பின்கட்டிலேயே தங்கியிருக்கிறாள், நல்லபடியாக இருக்கிறாள். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா பாயிடம், இந்த வருடம் புளி எப்படி என்று கேட்டார்.

பல வருடங்கள் அந்த வாரத்தை நான் வேறு மாதிரிதான் வைத்திருந்தேன். தப்புச் செய்தவள், தண்டனைக்குப் பயந்து ஓடிப்போனாள் என்று. செவ்வாய்க்கிழமை மாலையே, கோழி பிடிக்கப் போன அந்தச் சாக்கில், அவள் போயிருக்கலாம் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை. படம் அப்போது விடிந்து கிடந்தது. அப்படியே விட்டுப் போயிருந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னது போதாதென்று, வெள்ளிக்கிழமை வரும் ரேஞ்சருக்கும் அப்பா ஒருவரே பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் புகையில் உட்கார்ந்து, எங்கள் சாயங்காலத்தை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விரிப்பையும் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் அவள் போனாள்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அந்தப் படத்தை அவருக்குக் கையால் காற்றில் வரைந்து காட்டி, பாய் பாதி சுருட்டியும் பாதி தொங்கியும் இருந்தால் அந்தக் கப்பல் போகிறதா வருகிறதா என்று கேட்டேன். "ரெண்டும் இல்லம்மா" என்றார் அவர். "மழையில நனைஞ்ச பாயை அந்தக் காலத்துல அப்படித்தான் அவிழ்த்துக் காயப்போடுவாங்க." கடலையே பார்க்காத அம்மா சொன்னது சரி. அதைக் கேட்டுச் சிரிப்பதற்கு அப்பாவும் இல்லை, ஜெயித்தேன் என்று சொல்வதற்கு அம்மாவும் இல்லை.

ஆனால் கப்பல்களைப் பற்றித்தான் அப்படி. படகைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. அது போகிறதா வருகிறதா என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சின்னம்மா போய் ஒரு மாதம் இருக்கும். சட்டத்தைத் துடைக்க என்று முக்காலி மேல் ஏறிய நான், இடது மூலையில் அதைப் பார்த்தேன். முழுப் படமும் சாயங்காலம் ஐந்தரையாக இருக்க, அந்த ஒரு மூலையில் மட்டும், கிழித்த மந்தாரை இலையின் அளவுக்கு, பச்சை நீலத்தில் விடிகாலை இருந்தது. அதற்குள் அந்தப் படகு. மடியில் மூட்டையோடு, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பெண். துணியில் கிழிசல் எதுவும் இல்லை.

நான் ஓடிப்போய் அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன். "இங்க பாருங்கப்பா, இங்க மட்டும் பொகை படல. யாராவது பாத்தா மாட்டிக்குவோம். மறுபடியும் பரண்ல கட்டலாம்ப்பா."

அப்பா மூலைக்கு மிக அருகில் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எங்க?" என்றார்.

நான் விரலை வைத்தே காட்டினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே பாப்பா. எல்லாம் ஒரே கலராத்தான் கீது."

அதற்குப் பிறகு எத்தனையோ விருந்தாளிகள் வந்தார்கள். வேலையை விடும்வரை அப்பா இடது பக்கம்தான் நின்றார், தோள் மூலையில் இடிக்கிற மாதிரி. கப்பல்கள் எல்லாம் வீடு திரும்புகின்றன என்று அதே குரலில் சொன்னார். பரணும் இருந்தது, அடுப்பும் இருந்தது, சோளக் கதிருக்கு வருடா வருடம் புகையும் போட்டோம். படத்தை அவர் மறுபடி இறக்கவே இல்லை.

அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன், அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது என்று. அவள் கீரை கொடுக்கச் சொன்னாள். நான் தினமும் ஓடைக்கரைக்குப் போய்ப் பொன்னாங்கண்ணி பறித்துவந்தேன். காலையிலும் மாலையிலுமாக அந்த மாதம் முழுக்க அப்பா, மிச்சம் வைக்காமல், அந்தக் கீரையைத் தின்றார்.